எப்போதும் டூட்டியில்: போலீஸ் வீட்டின் 160 ஆண்டுகள்

மதுரையில் போலீஸ்காரர் வீட்டுக் காலண்டரில் சிவப்புத் தேதிகளுக்கு அர்த்தம் வேறு. தை 1 அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். ஆக, பொங்கல் மூன்று நாளும் ஜல்லிக்கட்டு பந்தோபஸ்து. சித்திரையில் கொடியேறினால் அழகர் மலைக்குத் திரும்பும்வரை வீடு கிடையாது. செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன். தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்க விளக்குத்தூணிலும் மாசி வீதிகளிலும் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டும். ஊருக்கு லீவு என்றால் அந்த வீட்டில் அப்பா இருக்க மாட்டார் என்று அர்த்தம்.

நான் சிம்மக்கல்லில் வளர்ந்தவன். அப்பா கான்ஸ்டபிளாகச் சேர்ந்து எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றார். எங்கள் தெருவிலிருந்து வைகை நடக்கிற தூரம்தான். அழகர் ஆற்றில் இறங்கும்போது அப்பாவும் அங்கேதான் இருப்பார். ஆனால் சாமிக்கு முதுகைக் காட்டி நிற்பார். பந்தோபஸ்து என்றால் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். "முப்பது வருசம் ஆத்துக்குள்ள நின்னுருக்காரு, ஒரு தடவ அழகரப் பாத்ததில்ல" என்று அம்மா சொல்வார். அதில் பெருமை எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆபத்தான வேலையையும் குடும்பத்தையும் ஒரு போலீஸ்காரர் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால் பதில்கள் தயாராக இருக்கும். யோகா செய்யுங்கள், மனம்விட்டுப் பேசுங்கள், கிடைக்கிற நேரத்தைக் குழந்தைகளோடு செலவிடுங்கள். தவறான ஆலோசனைகள் இல்லைதான். ஆனால் எல்லாமே அந்தத் தனிமனிதனின் சாமர்த்தியம் பற்றியவை. சாமர்த்தியம் இல்லாதவன் தோற்றான், அவன் பெண்டாட்டி பொறுத்துக்கொண்டாள் என்று கதை முடிந்துவிடுகிறது. நான் பழைய சட்டங்களையும் கமிஷன் அறிக்கைகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தது இதனால்தான். படித்ததில் எனக்குப் புரிந்தது இது: போலீஸ்காரனையும் அவன் வீட்டையும் பிரித்தது விதியோ வேலைப்பளுவோ மட்டும் அல்ல. அப்படிப் பிரிக்க வேண்டும் என்று யோசித்து, திட்டம் போட்டுத்தான் இந்த வேலையை உருவாக்கினார்கள்.

*

போலீஸுக்கு முன்னால் நம் பக்கத்தில் இருந்தது காவல். மதுரைச் சீமையில் அது குடும்பத்தின் உரிமை. ஒரு ஊரைக் காக்கும் பொறுப்பு ஒரு வம்சத்துக்கு இருந்தது. கூலியாக விளைச்சலில் பங்கு கிடைத்தது. காவல்காரன் அந்த வட்டாரத்துக்காரன். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் யாரென்று ஊருக்குத் தெரியும். களவு போனால் அவன்தான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். ஆபத்து அவனுடையது மட்டுமில்லை, வீட்டுக்கே சொந்தம். வருமானமும் அப்படித்தான்.

இதைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. காவல் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். அதே ஆட்களிடம் துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். 1906-ல் பிரான்சிஸ் எழுதிய மதுரை ஜில்லா கெஜட்டியரில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது. 1896-ல் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்கள் கள்ளர் காவலை எதிர்த்துக் கிளம்பிய கதையும் அதில் உண்டு. காவலும் களவும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

கம்பெனி அரசு காவலைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. 1816 ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே போலீஸ். வரி வசூலிக்கிறவனே குற்றத்தையும் விசாரிப்பான். அதன் விளைவு 1855-ல் மெட்ராஸ் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையில் வெளிவந்தது. விரலை நசுக்கும் கிட்டி, ஆளைக் குனிய வைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் எனத் தமிழ்ச் சொற்களே அந்த ஆங்கில அறிக்கைக்குள் ஏறியிருக்கின்றன. வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று கமிஷன் ஒப்புக்கொண்டது.

அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைய போலீஸ். மெட்ராஸ் போலீஸ் சட்டம் 1859-ல் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து பிரிந்து, வில்லியம் ராபின்சன் தலைமையில் மாகாணம் முழுக்க ஒரே படை. பெயர் மாறி, திருத்தங்கள் சேர்ந்து, தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்று அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்தப் படைக்கு முன்மாதிரி லண்டன் போலீஸ் இல்லை, அயர்லாந்து போலீஸ். இது முக்கியம். அடங்காத ஒரு காலனியை அடக்கி வைக்க உருவானது அயர்லாந்துப் படை. ஆட்கள் பாசறையில் தங்க வேண்டும். சொந்த மாவட்டத்தில் வேலை கிடையாது. பெண்டாட்டியின் மாவட்டத்திலும் கிடையாது. ஏழு வருட சர்வீஸ் முடியாமல் கல்யாணம் செய்யக்கூடாது, அதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். ஒருவனுக்குச் சொந்தபந்தம் பக்கத்தில் இருந்தால் சட்டம் வளையும் என்பது கணக்கு.

அயர்லாந்தின் எல்லா விதிகளும் அப்படியே கப்பலேறி வரவில்லை. கல்யாணத் தடை இங்கே வேலைக்கு ஆகாது. ஆனால் யோசனை வந்து சேர்ந்தது: ஊர்க்காரனாக இல்லாதவன், மேலதிகாரிக்கு மட்டும் பதில் சொல்பவன், எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடக்கூடியவன். மெட்ராஸ் சட்டத்தைப் பார்த்து 1861-ல் இந்தியா முழுமைக்கும் போலீஸ் சட்டம் செய்தார்கள். அதன் 22-ஆம் பிரிவு, ஒவ்வொரு போலீஸ் அதிகாரியும் எப்போதும் பணியில் இருப்பதாகவே கருதப்படுவார் என்கிறது. எந்த நேரத்திலும், எந்த இடத்திலும் அவரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவை முதல்முறை படித்தபோது நான் யோசித்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பற்றித்தான். அப்பா சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்து போன நாட்களுக்கெல்லாம் ஒரு சட்டப் பிரிவு இருந்திருக்கிறது. நாங்கள் அதை அப்பாவின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

*

மதுரையில் ரிசர்வ் லைன் என்றொரு பகுதி உண்டு. பஸ்ஸில் அந்தப் பெயரைக் கேட்டு இறங்குகிறவர்கள் யாரும் அது எதற்கு 'லைன்' என்று யோசிப்பதில்லை. ராணுவத்தில் சிப்பாய்கள் தங்குவதற்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்புதான் லைன். போலீஸுக்கும் அதே சொல், அதே வரிசை. குடும்பத்துக்கு இடம் கொடுத்தார்கள், ஆனால் வீட்டையே படையின் ஒரு பகுதியாக்கிக் கொடுத்தார்கள். லைன் வீட்டுக் கதவு எந்த ராத்திரியிலும் தட்டப்படும். வெளியே வாடகைக்கு இருந்தால் போலீஸ்காரருக்கு வீடு தர யோசிப்பார்கள். "நேரங்கெட்ட நேரத்துல வருவாரு, யாராவது தேடிக்கிட்டு வருவான்" என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார்கள். காவலர் வீட்டுவசதிக்கென்று தமிழ்நாட்டில் ஒரு தனிக் கழகம் வர 1981 ஆனது. அதாவது, படை தொடங்கி 122 ஆண்டுகள்.

இதே காலத்தில், மதுரைக்கு மேற்கே இன்னொரு கதை நடந்தது. 1911 குற்றப் பரம்பரைச் சட்டத்தை அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர்கள் மேல் போட்டார்கள். ஊரில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பதிவான ஆண்கள் இரவில் போலீஸ் பார்வையில், ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். புதுசாகக் கல்யாணம் ஆனவனுக்கும் விலக்கில்லை. 1947-ல் மெட்ராஸ் மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கும்வரை இது நடந்தது.

அந்தச் சாவடி இரவை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பேன். வீட்டுக்குப் போகக்கூடாது என்று விதிக்கப்பட்ட கள்ளர் ஒருவர். அவர் வீட்டுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள, வீட்டைவிட்டு வந்து பாரா நிற்கும் கான்ஸ்டபிள் ஒருவர். இருவரும் சமம் இல்லை. ஒருவர் கையில் துப்பாக்கி, சம்பளம், சட்டம். இன்னொருவருக்குப் பிறப்பே குற்றம். ஆனாலும் இரண்டு வீட்டிலும் அந்த ராத்திரி ஆம்பளை இல்லை. குடும்பம் என்பதை அந்த அரசு எவ்வளவு சுலபமாகக் கலைத்துப் போட்டது என்பதற்கு இதைவிட வேறு காட்சி எனக்குத் தோன்றவில்லை.

*

ஆபத்து என்றதும் சினிமா நினைவுக்கு வரும். துப்பாக்கி, துரத்தல், ஸ்லோமோஷன். நிஜத்தில் ஆபத்து வருவது பெரும்பாலும் சாதாரண டூட்டியில்.

1965 ஜனவரி 25 அன்று இந்தி எதிர்ப்புக் கலவரம் பெரிதாக வெடித்தது மதுரையில்தான். அது மாநிலம் முழுக்கப் பரவியபோது எத்தனையோ பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதே பிப்ரவரியில் திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களைக் கூட்டம் எரித்துக் கொன்றது. 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் எஸ்.எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் ராத்திரி ரோந்தில் ஆடு திருடியவர்களை பைக்கில் துரத்திப் போய்ப் பிடித்தார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்று செக்போஸ்ட், இன்னொன்று ஆடு திருட்டு. இரண்டு குடும்பத்துக்கும் அரசு தலா ஒரு கோடி ரூபாய் கொடுத்தது.

இருவருமே எஸ்.எஸ்.ஐ. என் அப்பாவின் அதே பதவி. அப்போது 25 வருடம் சர்வீஸ் முடித்தவர்களுக்குக் கிடைத்த பதவி அது. அந்த வயதில் மற்ற அலுவலகங்களில் மனிதர்கள் பேரன் பேத்திக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பூமிநாதன் செய்தி டிவியில் ஓடியபோது அப்பா ஓய்வு பெற்று வீட்டில்தான் இருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து டிவியைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஆபத்து வீட்டுக்குள் எப்படி வருமென்று போலீஸ் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அது செய்தியாக வராது, மௌனமாக வரும். அப்பா எதையும் சொல்ல மாட்டார். "இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு" என்பதுதான் அவருடைய மொத்த வாக்கியம். அந்த 'கொஞ்சம்' என்னவென்று மறுநாள் காலை பழக்கடைக்காரர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். "நேத்து ஏட்டையாவுக்குக் கல்லடியாமே, தேவலையாக்கா?" வீட்டில் யாரும் பயப்படக்கூடாது என்று அப்பா மறைத்தார். மறைக்கிறார் என்று தெரிந்ததால் அம்மா எந்நேரமும் பயந்தார். பைக் சத்தம் தெருமுனையில் கேட்கிறவரை அம்மா படுத்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் போலீஸ்காரர்கள் சங்கம் வைத்துக் கேட்டிருக்கலாமே என்று தோன்றலாம். 1966-ல் வந்த போலீஸ் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. அனுமதியில்லாமல் சங்கத்தில் சேரவோ பத்திரிகையிடம் பேசவோ முடியாது. அப்படியும் 1979 மே மாதம் பஞ்சாபில் போலீஸ்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த நெருப்பு தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களுக்குப் பரவியது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், தரம் வீரா தலைமையிலான தேசிய போலீஸ் கமிஷன் தன் முதல் அறிக்கையைக் கொடுத்திருந்தது. கான்ஸ்டபிள் ஒரு நாளில் 10 முதல் 16 மணி நேரம் வேலை செய்கிறார், வாரத்தில் ஏழு நாளும் செய்கிறார் என்று அதில் இருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2019-ல் காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் நாடு முழுக்க எடுத்த ஆய்வில் போலீஸ்காரரின் சராசரி வேலை நேரம் 14 மணி. கமிஷன்கள் மாறின, எண் அதேதான்.

*

இந்த அமைப்பின் அடித்தளம் ஆட்டம் கண்டது பெண்கள் உள்ளே வந்தபோது என்று நினைக்கிறேன். 1973-ல் தமிழ்நாடு போலீஸில் பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள், மொத்தம் 22 பேர். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது.

'எப்போதும் டூட்டி' என்ற விதிக்குப் பின்னால் சொல்லாமல் விட்ட ஒரு ஏற்பாடு இருந்தது. அவன் எப்போதும் டூட்டியில் இருக்க வேண்டும் என்றால், வீட்டில் இன்னொருத்தி எப்போதும் டூட்டியில் இருக்க வேண்டும். அவளுக்குச் சம்பளம் இல்லை, பதவி உயர்வு இல்லை. அந்த இன்னொருத்தியே காக்கி போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்ததும் கணக்கு இடித்தது. கர்ப்பிணிக்கு எப்படி பந்தோபஸ்து போடுவது? பால் கொடுக்கிறவள் ராத்திரி பாரா எப்படி நிற்பாள்? ஆண்களைப் பற்றி நூறு வருடம் கேட்காத கேள்விகள் இவை.

பதில்கள் மெதுவாக, சில்லறையாக வந்தன. முதலமைச்சர் போகும் வழியில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் டி.ஜி.பி. உத்தரவிட்டார். பல மணி நேரம் வெயிலில், கழிப்பறை இல்லாமல் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதே ஆண்டு ஜூலையிலிருந்து அரசு ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 12 மாதமானது. 2023-ல் மகளிர் காவலின் பொன்விழாவில், காலை 7 மணி ரோல் காலைப் பெண்களுக்கு 8 மணியாக மாற்றுவதாக அறிவித்தார்கள். ஒரு மணி நேரம்தான். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலை பின்னிவிட அந்த ஒரு மணி நேரம் போதும்.

என் தங்கச்சியும் கான்ஸ்டபிள்தான். அவள் தேர்வு எழுதப் போகிறேன் என்றபோது வீட்டில் எதிர்த்தது அப்பா இல்லை, அம்மா. "ஒரு ஆளுக்குக் காத்துக் கெடந்தது பத்தாதா, இன்னொரு ஆளுக்கும் கெடக்கணுமா?" என்றார். தங்கச்சி கேட்கவில்லை. இப்போது வெளி மாவட்டத்தில் வேலை. அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை சிம்மக்கல்லில் எங்கள் அம்மாவிடம் வளர்கிறது. வீடியோ கால் வந்தால் அது போனைத் தடவிக் கொடுக்கும். அம்மா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, மறுபடியும் காத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் காக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அவ சம்பாத்தியம், அவ மரியாதை" என்பார்.

*

2021 நவம்பரில் காவலர்களுக்கும் தலைமைக் காவலர்களுக்கும் வாரம் ஒருநாள் விடுப்பு என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. 1859-லிருந்து கணக்கிட்டால் 162 ஆண்டுகள். ஆணை நல்ல ஆணைதான். ஆனால் திருவிழாவும் வி.ஐ.பி. வருகையும் வந்தால் முதலில் ரத்தாவது அந்த ஒருநாள்தான். ஆள் எண்ணிக்கை கூடாமல் விடுப்பு மட்டும் கூடினால், ஒருத்தர் லீவு இன்னொருத்தர் தலையில் விழும். தங்கச்சி சொல்வது போல, "லீவு இருக்குண்ணே, எடுக்கத்தான் ஆள் இல்ல."

2024 அக்டோபரில் தெலங்கானாவில் சிறப்புப் போலீஸ் பட்டாலியன்காரர்களின் மனைவிமார் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர்களை ஊர் ஊராக அலைய விடாதீர்கள், மாநிலத்துக்கு ஒரே போலீஸ் முறை கொண்டுவாருங்கள் என்று கேட்டார்கள். கணவர்கள் பேசினால் வேலை போகும், அதனால் இவர்கள் பேசினார்கள். அதன் பிறகு 39 போலீஸ்காரர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள், 10 பேரை டிஸ்மிஸ் செய்தார்கள். வீட்டுக்காரி பேசினாலும் தண்டனை டூட்டிக்காரனுக்குத்தான்.

இவ்வளவும் சொல்லும்போது இன்னொரு பக்கத்தை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். அந்த வழக்கு மதுரையில்தான் நடந்தது. தூக்கமில்லை, லீவில்லை என்பது லாக்கப்பில் ஒரு மனிதனை அடிப்பதற்குக் காரணம் ஆகாது. ஆகவே ஆகாது. நான் சொல்ல வருவது வேறு. சித்திரவதையை ஒழிக்கிறோம் என்று சொல்லித்தான் 1859-ல் இந்தப் படையைக் கட்டினார்கள். ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிரித்து வைத்தால் போலீஸ்காரன் நியாயமாக நடப்பான் என்று நம்பினார்கள். பிரித்தது மட்டும் நடந்தது. கிட்டியும் அண்ணாந்தாளும் பெயர் மாறி உள்ளேயே இருந்தன. அப்படியென்றால் எத்தனையோ தலைமுறை மனைவிகளும் பிள்ளைகளும் கொடுத்த விலைக்குச் சமூகத்துக்குக் கிடைத்தது என்ன?

அதனால்தான் இதைச் சமாளிக்கும் திறமை என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. எட்டு மணி நேர ஷிப்டும், அதற்குத் தேவையான ஆட்களும், ரத்தாகாத வார விடுப்பும் போலீஸ்காரருக்குக் காட்டும் கருணை இல்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கி, பிள்ளையோடு சண்டை போட்டு, சமாதானமாகி வந்த ஆள் ஸ்டேஷன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது, எதிரே புகார் மனுவோடு நிற்கிற நமக்கும் நல்லது.

மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்கள், பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் ஊரில் மூன்று ஆண்டுகள் வேலை பார்க்கலாம் என்று 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தார். சொந்த ஊரில் போடாதே என்று தொடங்கிய படையில் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று அந்தச் செய்தியை எழுதியவர்கள்கூடக் கவனித்தார்களா தெரியவில்லை.

தங்கச்சி மதுரைக்கு மாறுதல் கேட்டு மனு போட்டிருக்கிறாள். எழுதிக் கொடுத்தது அப்பா. பல வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவர், மனு எழுதுவதில் கெட்டிக்காரர். அவர் காலத்தில் லீவு கேட்டால் காரணம் பெரிசாக இருக்க வேண்டும். அதற்காகவே பல போலீஸ்காரர்கள் உயிரோடிருக்கும் பாட்டிகளை இரண்டு மூன்று முறை சாகடித்திருக்கிறார்கள் என்று சிரிப்பார். இந்த மனுவில் அப்படியெல்லாம் எதுவும் இல்லை. "என் குழந்தையை நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால்" என்று ஒரே வரி. எழுதி முடித்துவிட்டு, "இம்புட்டு வருசத்துல இப்படி ஒரு காரணம் நான் எழுதுனதே இல்லடா" என்றார் என்னிடம்.